செல்லப்பிராணிகளின் படங்களைக் கூர்மையாக்குதல்: புதிதாகக் கமரா வாங்கியவர்களுக்கு

தங்கையின் மகன் அண்மையில் லென்ஸ் மாற்றக்கூடிய கமரா ஒன்றை வாங்கினான். கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் வசிக்கும் தொடர்மாடி வீட்டின் பல்கனியில், கடற்காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி படுத்திருந்த ஜிம்மியை அவன் முதல் நாளே முப்பது நாற்பது படங்கள் எடுத்துவிட்டான். ஜிம்மி செம்மண் நிறத்து நாட்டு நாய். நெஞ்சிலும் முன்னங்கால் நுனிகளிலும் மட்டும் வெள்ளை மயிர். படங்களை மடிக்கணினியில் திறந்து காட்டியபோது அவனுடைய முகத்தில் மகிழ்ச்சியைவிட ஏமாற்றமே கூடுதலாக இருந்தது. "மாமா, போனில எடுத்த படம் இதைவிட வடிவாத் தெளிவா இருக்கு. கமராவில ஏதும் பிழையோ?" என்று கேட்டான்.

கமராவில் பிழை எதுவும் இருக்கவில்லை. ஆனால் அவனுடைய கேள்வி நியாயமானது. புதிதாகக் கமரா வாங்கி, வீட்டு நாயையோ பூனையையோ முதலில் படமெடுக்கும் அநேகமானோர் கேட்கும் கேள்வியும் அதுதான். அதற்கு ஒரே வரியில் விடை சொல்லி, "ஷார்ப்னிங்கைக் கூட்டிவிடு" என்று முடித்துவிடலாம். அப்படி முடித்தால், கூர்மையாக்கல் என்பது உண்மையில் என்ன செய்கிறது என்பது தெரியாமலே போய்விடும். தெரியாமல் கூட்டப்பட்ட கூர்மை, மென்மையான நாய் மயிரைத் தும்புத்தடியின் தும்பைப் போல ஆக்கிவிடும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

புதிய கமராவின் படம் ஏன் மென்மையாகத் தெரிகிறது?

கைத்தொலைபேசி படம் எடுத்த கணத்திலேயே அதன் மென்பொருள் பல வேலைகளைச் செய்து முடித்துவிடுகிறது: பல படங்களை ஒன்றுசேர்க்கிறது, நிறத்தை ஏற்றுகிறது, இருளைத் தூக்கிவிடுகிறது, கடைசியில் ஓரங்களை நன்றாகக் கூர்மையாக்குகிறது. சிறிய திரையில் உடனே பார்த்து, உடனே அனுப்புவதற்காகவே அந்தப் படம் சமைக்கப்படுகிறது. லென்ஸ் மாற்றும் கமராக்கள் இந்த விடயத்தில் அடக்கமானவை. படம் எடுப்பவர் பின்னர் தானே திருத்திக்கொள்வார் என்ற எண்ணத்துடன், அவை கூர்மையைக் குறைவாகவே சேர்க்கின்றன. கமரா அளந்த ஒளியை அப்படியே சேமிக்கும் றோ கோப்பாக எடுத்தால் கோப்பில் எதையுமே சேர்ப்பதில்லை.

இதற்கு அடியில் இன்னொரு காரணமும் உண்டு. கமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. கொடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976 இல் காப்புரிமை வழங்கப்பட்ட அமைப்பின்படி, சென்சரின் மேல் நுண்ணிய நிற வடிகட்டிகள் சதுரங்கப் பலகையைப் போலப் பதிக்கப்பட்டிருக்கின்றன: பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. ஒரு புள்ளி தான் அளக்காத மற்ற இரு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணித்துக்கொள்கிறது. அயலில் கடன்வாங்கிக் கணிக்கப்படும் எந்தப் படமும் சிறிது கரைந்தே இருக்கும். இதற்கு மேலதிகமாக, துணியின் இழை போன்ற நுண்ணிய ஒழுங்கான கோடுகளில் பொய்யான அலைவடிவங்கள் தோன்றாமல் தடுப்பதற்காக, பல கமராக்களில் சென்சருக்கு முன்னால் ஒளியை மிகச் சிறிதளவு கலைத்துவிடும் வடிகட்டியொன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. அண்மைய கமராக்கள் பலவற்றில் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் நிறக் கணிப்பால் வரும் மென்மை அவற்றிலும் இருக்கவே செய்கிறது.

ஆகவே எண்ணிமப் படம் ஒவ்வொன்றுக்கும் ஓரளவு கூர்மையாக்கல் தேவை. அதைக் கமரா செய்கிறதா, நீங்கள் செய்கிறீர்களா என்பதே வேறுபாடு. மருமகனின் கமரா, தானே திருத்திச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் படங்களையே பதிவுசெய்யும்படி இருந்தது. அத்தகைய படங்களில் எவ்வளவு கூர்மை சேர்ப்பது என்பதைக் கமராவின் பட்டியலிலேயே மாற்றலாம். கனனில் அது 'பிக்சர் ஸ்டைல்' என்றும் நிக்கோனில் 'பிக்சர் கன்ட்ரோல்' என்றும் இருக்கும். என்னைக் கேட்டால், அந்த எண்ணைக் கூட்டுவதைவிட றோ கோப்பாக எடுத்துக் கணினியில் திருத்துவதே நல்லது என்பேன். கமரா சேர்த்துவிட்ட கூர்மையைப் பின்னர் பிரித்தெடுக்க முடியாது.

ஏழு எண்களில் கூர்மை

கூர்மை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது இரண்டு வேறு விடயங்களை. ஒன்று, படத்தில் உண்மையில் பதிவான நுண்விவரம்: மீசை மயிர் ஒன்று அதற்கு அடுத்த மயிரிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்பது. மற்றையது, ஓர் இருண்ட பகுதி எவ்வளவு சடுதியாக வெளிச்சமான பகுதியாக மாறுகிறது என்பது. மென்பொருளால் மாற்ற முடிந்தது இரண்டாவதை மட்டுமே. முதலாவது, ஷட்டர் மூடிய கணத்தோடு முடிந்துவிடுகிறது.

இதை எண்களால் பார்த்தால் மயக்கம் தீரும். ஜிம்மியின் நெஞ்சில் செம்மண் மயிரும் வெள்ளை மயிரும் சந்திக்கும் இடத்திலிருந்து, பக்கத்தில் பக்கமாக ஏழு பிக்ஸல்களை எடுத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்வோம். கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255 என்ற அளவுகோலில் அவற்றின் வெளிச்சம் இப்படி இருக்கட்டும்:

60, 60, 60, 120, 180, 180, 180

இப்போது மென்பொருள் இந்த வரிசையை வேண்டுமென்றே மங்கலாக்கி ஒரு பிரதி எடுக்கிறது. எளிமைக்காக, ஒவ்வொரு பிக்ஸலையும் அதன் இருபுறத்து அயலவரோடு கூட்டி மூன்றால் வகுப்போம். கிடைக்கும் மங்கல் பிரதி:

60, 60, 80, 120, 160, 180, 180

மூலத்திலிருந்து மங்கலைக் கழித்தால் மூன்றாவது இடத்தில் −20, ஐந்தாவது இடத்தில் +20, மற்ற இடங்களில் எல்லாம் 0 வரும். அதாவது ஓரம் எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கழித்தலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை மூலத்தோடு கூட்டினால்:

60, 60, 40, 120, 200, 180, 180

இந்த வரிசையைச் சற்று நேரம் பாருங்கள். முன்பு 60 இலிருந்து 180 வரை இருந்த ஏற்றம், இப்போது 40 இலிருந்து 200 வரை என்று செங்குத்தாகியிருக்கிறது. புதிதாக ஒரு மயிரும் முளைக்கவில்லை. ஓரத்தின் இருண்ட பக்கம் கூடுதலாக இருண்டது, வெளிச்சப் பக்கம் கூடுதலாக வெளுத்தது, அவ்வளவுதான். ஆனால் நம் கண் இதைக் "கூர்மை" என்று ஏற்றுக்கொள்கிறது. ஏனென்றால் கண்ணும் ஓரங்களில் இதே வேலையைத்தான் செய்கிறது. இருண்ட பட்டையும் வெளிர் பட்டையும் சந்திக்கும் இடத்தில், உண்மையில் இல்லாத மெல்லிய கருங்கோடும் வெண்கோடும் கண்ணுக்குத் தெரிவதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865 இல் விளக்கினார். அவை இன்றும் மாக் பட்டைகள் என்றே அழைக்கப்படுகின்றன. கூர்மையாக்கும் மென்பொருள், கண் தானாகச் செய்வதைப் படத்திலேயே முன்கூட்டிச் செய்துவைக்கிறது.

அதே எண்கள் ஆபத்தையும் காட்டுகின்றன. 40 என்ற இருளும் 200 என்ற வெளிச்சமும் மூலப் படத்தில் எங்கும் இல்லாதவை. வித்தியாசத்தை இரண்டு மடங்காகக் கூட்டியிருந்தால் 20 உம் 220 உம் வந்திருக்கும். அப்போது ஓரத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு வரைந்தாற்போலத் துலங்கும். படமெடுப்பவர்கள் அதை ஹேலோ என்பார்கள்.

இன்னொரு ஆபத்து, இருளில் எடுத்த படங்களில் மணல் தூவினாற்போலத் தெரியும் நொய்ஸ். ஒரே நிறமான பின்னணியில் 60, 60, 70, 60, 60 என்று ஒரு பிக்ஸல் மட்டும் தவறுதலாக மின்னுகிறது என்று கொள்வோம். இதே கணக்கைச் செய்தால் விடை ஏறத்தாழ 60, 57, 77, 57, 60 என்று வரும். 10 ஆக இருந்த வித்தியாசம் 20 ஆகிவிட்டது. மென்பொருளுக்கு மீசை மயிர் எது, மணல் எது என்று தெரியாது. வித்தியாசம் இருக்கும் இடத்தையெல்லாம் அது பெருக்கும். ஆகவே கமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 3200, 6400 என்று ஏற்றி எடுத்த படங்களில் முதலில் நொய்ஸைக் குறைத்துவிட்டே கூர்மையைத் தொட வேண்டும்.

இந்த முறையின் பெயர் 'அன்ஷார்ப் மாஸ்க்'. கூர்மையாக்கும் கருவிக்குக் 'கூர்மையற்ற' என்ற பெயர் ஏன் என்று பலர் கேட்பதுண்டு. பெயர் ஃபிலிம் காலத்து இருட்டறையிலிருந்து வந்தது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான, வெளிறிய பொசிட்டிவ் ஒன்றை எடுத்து, இரண்டையும் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டால், பெரிய பரப்புகளின் வேறுபாடு அடங்கி நுண்ணிய ஓரங்கள் மேலெழுந்து தெரியும். அந்த மங்கலான முகமூடிதான் அன்ஷார்ப் மாஸ்க். மணிக்கணக்கில் பொறுமையாகச் செய்த அந்த வேலையைத்தான் இன்று ஒரு கழித்தலும் ஒரு கூட்டலும் செய்து முடிக்கின்றன.

முதலில் மங்கல் எந்த வகை என்று பாருங்கள்

மேலே சொன்ன கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது: மென்பொருள் பெருக்குவதற்குப் படத்தில் ஏற்கனவே ஓர் ஓரம் இருந்தாக வேண்டும். ஆகவே எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன், படத்தை 100 வீதத்தில் திறந்து, செல்லப்பிராணியின் கண்ணைப் பாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள குறுமயிர் சற்று மென்மையாகவேனும் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தப் படத்தைக் கூர்மையாக்கலாம். கண் பஞ்சுபோலக் கரைந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

மருமகனின் படங்களில் பாதியில் மங்கலுக்குக் காரணம் குவியத்தின் ஆழம். கமராவோடு அவன் வாங்கியது 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் லென்ஸின் துவாரத்தைக் குறிப்பது; எண் சிறிதானால் துவாரம் பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு). அவனுடையது போன்ற ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சரில், ஒரு மீற்றர் தூரத்தில், எஃப் 1.8 இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமாக ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் மட்டுமே. ஜிம்மியின் கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தோம்: 9 சென்ரிமீற்றர். நாய் நேருக்குநேர் பார்க்கும் படத்தில் கண் தெளிவாக இருந்தால் மூக்கு தெளிவாக இருக்க வழியே இல்லை. கமரா மூக்கில் குவிந்திருந்தால் கண் போய்விடும், படமும் போய்விடும். எஃப் 5.6 இல் அதே ஆழம் 9 சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்கிறது. விலங்குகளின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஃபோகஸ் வசதியை 2019 இல் சோனி அறிமுகப்படுத்தியது. இன்று மற்ற நிறுவனங்களின் கமராக்களிலும் அது இருக்கிறது. பட்டியலில் மனிதர் என்றிருப்பதை விலங்கு என்று மாற்றாவிட்டால் பல கமராக்களில் அது சரிவர வேலைசெய்யாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருமகனும் மாற்றியிருக்கவில்லை.

அடுத்தது அசைவு. கைநடுக்கத்தால் வரும் மங்கல் படம் முழுவதிலும் ஒரே திசையில் இழுபட்டுத் தெரியும். நாய் தலையைத் திருப்பியதால் வந்த மங்கல் நாயில் மட்டும் இருக்கும், பல்கனிக் கம்பி தெளிவாக இருக்கும். கமராவிலோ லென்ஸிலோ உள்ள நடுக்கத் தடுப்பு முதலாவதற்கே உதவும், இரண்டாவதற்கு உதவாது. தூங்கும் பூனைக்கு 1/60 செக்கன் ஷட்டர் வேகம் போதும். விழித்திருக்கும் நாய்க்கு 1/250 செக்கனிலிருந்து தொடங்குங்கள்; ஓடி விளையாடும் நாய்க்கு 1/1000 செக்கனும் மிகையல்ல. கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். படத்தின் சட்டகத்தை நிறைக்கும் கறுப்பைக் கமராவின் ஒளிமானி சாம்பலாக்கப் பார்க்கும். அதற்காக ஷட்டரை அது மெதுவாக்கிவிடும். வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் அது 1/30 வரை கூட இறங்கிவிடலாம். ஆகவே ஷட்டர் வேகத்தை நீங்களே நிர்ணயித்துக்கொள்வது நல்லது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய மங்கலும் ஒன்றுண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே பல்கனிக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோனால், நம் ஊரின் ஈரப்பதனுக்கு லென்ஸின் கண்ணாடியில் உடனே பனி படியும். படம் முழுவதும் பால் ஊற்றினாற்போல வெளிறும். கமராவைப் பையை விட்டு வெளியே எடுக்காமல், பையோடு வெளியே கொண்டுபோய் அரை மணித்தியாலம் வைத்தால் பனி படியாது. மரைன் டிரைவ் ஓரமாக வசிப்பவர்களின் லென்ஸ்களில், துடைக்காமல் விட்டால், கடலின் உப்புப் படலமும் சேரும். இந்த இரண்டையும் மென்பொருளில் திருத்த முனைவது வீண்வேலை. முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, பிறகே லென்ஸ் துணியால் துடைக்க வேண்டும்.

"அப்படியென்றால் தவறிய ஃபோகஸைக் கணினியால் திருத்தவே முடியாதா?" என்ற கேள்விக்கு முற்றாக இல்லை என்று சொல்வது சரியாகாது. 1990 இல் விண்ணுக்குச் சென்ற ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீற்றர் ஆடி தவறான வளைவுடன் தீட்டப்பட்டிருந்ததால் அதன் படங்கள் மங்கலாக வந்தன. 1993 இறுதியில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும்வரை, வானியலாளர்கள் மங்கலைக் கணக்கின் மூலம் பின்னோக்கி அவிழ்த்தே பல படங்களைப் பயன்படுத்தினார்கள். அதில் முக்கிய இடம் பெற்றது ரிச்சர்ட்சன் 1972 இலும் லூசி 1974 இலும் தனித்தனியே கண்ட ஒரு முறை. இலவச மென்பொருளான ரோதெரபியில் உள்ள கூர்மையாக்கும் வசதியொன்று இன்றும் அதையே பயன்படுத்துகிறது. ஆனால் ஹபிளுக்கு ஒரு வசதி இருந்தது. நட்சத்திரம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி படத்தில் எப்படிக் கலைந்திருக்கிறது என்று பார்த்தால் மங்கலின் வடிவம் துல்லியமாகத் தெரிந்துவிடும். தலையைத் திருப்பும் நாயின் காது ஒரு பக்கம், தாடை இன்னொரு பக்கம், வெவ்வேறு வேகத்தில் அசைகின்றன. அவிழ்ப்பதற்கு ஒரே வடிவம் இல்லை.

செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன. அவை அவிழ்ப்பதோடு நில்லாமல், இலட்சக்கணக்கான படங்களில் கற்றதை வைத்து, இங்கே மயிர் இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. சில வேளைகளில் விடை வியக்கத்தக்கதாக இருக்கிறது. ஆனால் ஜிம்மியின் இடது கண்ணுக்கு மேலே நீளமாக மூன்று மயிர்கள் நிற்கும். அவனை வளர்க்கும் பிள்ளைக்கு அவை தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. வேறு ஏதோ நாயின் மயிரை ஒட்டித் தரும் தெளிவைவிட, சற்று மங்கலான உண்மையான ஜிம்மியே எனக்குப் பெரிது.

நான்கு அளவுகளும் மயிரும்

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் கூர்மைக்கு, இழுத்துக் கூட்டிக் குறைக்கும் வழுக்கிகள் நான்கு உள்ளன: அமவுண்ட், ரேடியஸ், டீட்டெயில், மாஸ்கிங். றோ கோப்பைத் திறந்ததும் அவை முறையே 40, 1.0, 25, 0 என்று நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் ரேடியஸ், அமவுண்ட், திரெஷோல்ட் என மூன்று. பெயரும் எண்ணும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறினாலும் அடிப்படை ஒன்றே.

அமவுண்ட் என்பது மேலே நாம் கூட்டிய வித்தியாசத்தை எத்தனை மடங்காகக் கூட்டுவது என்பது. ரேடியஸ் என்பது மங்கல் பிரதியை எவ்வளவு அகலமாக மங்கலாக்குவது என்பது. நாம் ஒரு பிக்ஸல் அயலோடு நிறுத்தினோம், மூன்று பிக்ஸல் வரை போயிருந்தால் இருளும் வெளிச்சமும் அவ்வளவு அகலமான பட்டைகளாக வந்திருக்கும். புதியவர்கள் எல்லோரும் அமவுண்டிலேயே கண்ணாக இருப்பார்கள். செல்லப்பிராணிகளைப் பொறுத்தவரை படத்தைக் காப்பதும் கெடுப்பதும் ரேடியஸ்தான்.

காரணம் மயிரின் அகலம். கட்டடம் ஒன்றின் படத்தில் ஓரங்கள் சில, அவை நீளமானவை, தள்ளித்தள்ளி இருப்பவை. அகலமான ரேடியஸை அவை தாங்கும். நாயின் முகத்தை நிறைத்து எடுத்த 24 மெகாபிக்ஸல் படத்தில் ஒரு மயிர் இரண்டு மூன்று பிக்ஸல் அகலமே இருக்கும். அதற்கு அடுத்த மயிர் ஒட்டியே கிடக்கும். அங்கே ரேடியஸை 2.0 ஆக வைத்தால் ஒரு மயிரின் வெண்பட்டை பக்கத்து மயிரின் கரும்பட்டையின் மேல் ஏறும். நுண்ணிய மயிர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தடித்த கம்பிகளாகும். மருமகனுக்கு இதைக் காட்டுவதற்காக ஜிம்மியின் கன்னத்தை 100 வீதத்தில் வைத்து, அமவுண்டை மாற்றாமல் ரேடியஸை மட்டும் 0.7 இலிருந்து 2.5 வரை மெதுவாக நகர்த்தினேன். 0.7 இல் மயிர் வகிடு எடுத்தாற்போலத் தனித்தனியாக நின்றது. 1.5 ஐத் தாண்டியதும் கன்னம் ஈரமாகி ஒட்டிக்கொண்டது போலத் தோன்றியது, 2.5 இல் அது நாயின் தோலாகவே தெரியவில்லை. குறுமயிர் நாய்களுக்கும் பூனைகளுக்கும் 0.6 முதல் 0.8 வரை, மயிர் நீண்டு அலையும் இனங்களுக்கு 1.0 அளவில் என்று நான் தொடங்குவேன். கிளியின் இறகுகள் அகலமானவை, ஓரம் தெளிவானவை; அவை இன்னும் சற்றுத் தாங்கும்.

ரேடியஸைத் தீர்மானித்த பிறகு அமவுண்டை 50, 60 வரை கூட்டிப் பார்க்கலாம். ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன்: மிகையாகத் தெரியும்வரை கூட்டுங்கள், பிறகு கண் நிம்மதி அடையும் இடம்வரை பின்வாங்குங்கள், அந்த இடத்திலிருந்து இன்னும் சிறிது குறையுங்கள். கூர்மைக்குக் கண் மிக விரைவில் பழகிவிடும். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், பத்து நிமிடங்களுக்கு முன் போதாது என்று தோன்றிய படம் போதும் போதும் என்று இருக்கும். டீட்டெயில் வழுக்கி மிக நுண்ணிய இழைகளை எவ்வளவு தூக்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ குறைவாக எடுத்த படத்தில் அதை 40 வரை கொண்டுபோகலாம். இரவு மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கூட்டினால் மணலே கிளம்பும்.

மாஸ்கிங் புதியவர்கள் அநேகர் தொடாத வழுக்கி. செல்லப்பிராணிப் படங்களுக்கு மிக அவசியமானதும் அதுவே. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அதை நகர்த்தினால் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். வெள்ளையாகத் தெரியும் இடங்களில் மட்டுமே கூர்மை சேரும். கறுப்பான இடங்கள் தொடப்படாமல் விடப்படும். ஜிம்மியின் பின்னால் இருந்த சுவரும் கடலும் கறுப்பாகி, அவனுடைய கண், மூக்கு, மீசை, கன்னத்து மயிர் ஆகியன வெள்ளைக் கோடுகளாக மிஞ்சும்வரை நகர்த்தினோம். எண் 60 இல் வந்து நின்றது. மங்கலான பின்னணிக்குக் கூர்மை சேர்ப்பதால் பயன் எதுவும் இல்லை. அங்கே பெருகுவதற்கு மணலைத் தவிர வேறொன்றும் கிடையாது.

ஏற்கனவே ஜேபெக்காக எடுத்துவிட்ட படங்கள் பலரிடம் இருக்கும். அவற்றிலும் இதையே செய்யலாம், ஆனால் எண்களைப் பாதியாக்குங்கள். கமரா ஒருமுறை கூர்மையாக்கிய ஓரம் அது. மேலும் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்தே சுருக்குகிறது. அதிகம் சுருக்கிய படத்தைக் கூர்மையாக்கினால் அந்தக் கட்டங்களின் விளிம்புகளும் மேலெழும். வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த படத்தைக் கூர்மையாக்கிப் பாருங்கள், கட்டங்கள் கண்ணில் குத்தும்.

கண்ணுக்கு மட்டும், காதுக்கு வேண்டாம்

படம் முழுவதற்குமான கூர்மை முடிந்ததும், சில இடங்களுக்கு மட்டும் மென்பொருளில் உள்ள தூரிகைக் கருவியால் இன்னும் சிறிது சேர்க்கலாம். பார்ப்பவரின் பார்வை செல்லப்பிராணியின் கண்ணுக்கே முதலில் போகிறது. கண் தெளிவாக இருந்தால் மற்றவை சற்று மென்மையாக இருந்தாலும் அவர் அதைக் குறையாகக் காண்பதில்லை. ஆகவே கருவிழியைச் சூழ்ந்த வளையம், கண்ணில் விழுந்திருக்கும் யன்னல் வெளிச்சத்தின் ஓரம், இமையின் குறுமயிர் ஆகியவற்றுக்கு மட்டும் தூரிகையை ஓட்டுங்கள். கண்ணின் வெண்பகுதியையும் கண்ணீர் ஓடிய கறையையும் விட்டுவிடுங்கள். ஈரமான மூக்கின் சொரசொரப்பு அடுத்தது, ஆனால் அது குவியத்துக்குள் இருந்தால் மட்டும்; குவியத்துக்கு வெளியே போன மூக்கைக் கூர்மையாக்கினால் அழுக்குப் படிந்தது போலத் தெரியும். லைட்ரூமில் 2019 இல் சேர்க்கப்பட்ட டெக்ஸ்ச்சர் வழுக்கி உடல் மயிருக்கு நன்றாக உதவுகிறது. ஓரத்தைவிட இழையின் நடுத்தர அளவிலான ஏற்ற இறக்கத்தை அது தூக்குவதால், ஹேலோ வருவது குறைவு.

ஹேலோவைச் சோதிப்பதற்கு ஓர் இடம் உண்டு: காதின் விளிம்பு. ஞாயிறு மாலை ஜிம்மியைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனபோது, சூரியன் கடலில் இறங்கும் நேரம், அவனுடைய இரு காதுகளும் வெளிறிய வானத்துக்கு எதிரே நிமிர்ந்து நின்றதை மருமகன் அழகாக எடுத்திருந்தான். பல்கனிப் படத்துக்குச் சரியாக இருந்த அதே எண்களை இந்தப் படத்துக்கும் இட்டதும், காதைச் சுற்றி வானத்தைவிட வெளிச்சமான ஒரு கோடு, காகிதத்தில் வெட்டி ஒட்டிய பொம்மையின் விளிம்புபோல ஓடியது. முதலில் கண்ட கணக்குத்தான் இது: இருண்ட காதுக்கும் வெளிச்ச வானத்துக்கும் இடையிலான வித்தியாசம் மிகப் பெரிது, ஆகவே கூட்டப்படும் எண்ணும் மிகப் பெரிது. மாலைச் சூரியனே காது மயிரின் நுனிகளில் ஒரு பொன்கோட்டைத் தந்திருந்தது. மென்பொருளின் வெள்ளைக்கோடு அதை விழுங்கிவிட்டது. மற்ற இடங்களின் கூர்மையை அப்படியே வைத்துக்கொண்டு, தூரிகையில் கூர்மையின் எண்ணைப் பூச்சியத்துக்குக் கீழே வைத்து, காதின் விளிம்பில் மட்டும் ஒருமுறை ஓட்டியதும் பொன்கோடு திரும்பி வந்தது. ஒரு படத்தின் எண்களை நூறு படங்களுக்கு ஒரேயடியாக ஒட்டுவது வசதியானதுதான். ஆனால் வானத்துக்கு எதிரே எடுத்த படங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

அனுப்பவும் அச்சிடவும்

24 மெகாபிக்ஸல் படம் பொதுவாக 6000க்கு 4000 பிக்ஸல்கள் கொண்டது. இணையத்தில் இடுவதற்காக அதன் அகலத்தை 2048 ஆகக் குறைக்கும்போது அகலவாக்கிலும் உயரவாக்கிலும் ஏறத்தாழ ஒவ்வொரு மூன்று பிக்ஸலும் கலந்து ஒன்றாகிறது. நீங்கள் கவனமாகச் சேர்த்த நுண்ணிய ஓர வேறுபாடு அந்தக் கலப்பில் கரைந்துவிடும். ஆகவே அளவைக் குறைத்த பின்பு மறுபடி மிகச் சிறிதளவு கூர்மையைச் சேர்க்க வேண்டும். லைட்ரூமில் படத்தை ஏற்றுமதி செய்யும் பெட்டியில் திரைக்கு, பளபளப்புத் தாளுக்கு, பளபளப்பற்ற மெட் தாளுக்கு என்று அதற்கான தெரிவுகள் இருக்கின்றன. மூலக் கோப்பை அதற்காகத் தொட வேண்டாம்.

அச்சில் கணக்கு வேறு. 8க்கு 10 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வீதம் அச்சிட 2400க்கு 3000 பிக்ஸல்கள் வேண்டும். அந்த அளவுக்கு வெட்டி, அளவைத் தீர்மானித்த பின்னரே இறுதிக் கூர்மையைச் சேர்க்க வேண்டும். மையானது தாளில் சற்றுப் பரவும். பளபளப்புத் தாளில் குறைவாக, மெட் தாளில் கூடுதலாக. திரையில் அளவாகத் தெரியும் கூர்மை தாளில் ஊறிப்போய் மென்மையாகிவிடும். படம் அச்சிடும் ஸ்டூடியோக்கள் சிலவற்றின் இயந்திரங்கள் தாமாகவே கூர்மையைச் சேர்ப்பதும் உண்டு; நீங்கள் சேர்த்துவிட்டீர்கள் என்றால் அதை நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய படத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், கண்ணும் கன்னமும் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, கூர்மையின் எண்ணை மட்டும் மாற்றி, சிறிய தாளில் இரண்டு பிரதிகள் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஜிம்மியின் பல்கனிப் படத்துக்கும் அப்படியே மெட் தாளில் இரண்டு எடுத்தோம். பின்பக்கத்தில் எண்களைப் பென்சிலால் எழுதி, மருமகனிடம் எதையும் சொல்லாமல், வீட்டுக்குக் கொண்டுபோய் யன்னல் வெளிச்சத்தில் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கணினித் திரையில் பார்த்தபோது "கொஞ்சம் கூடிப்போச்சு மாமா" என்று அவன் ஒதுக்கிய படமே, தாளில் அவன் கையில் மிஞ்சியது. கண்ணுக்கு மேலே நிற்கும் அந்த மூன்று மயிர்களும் அதில்தான் தெரிந்தன.